அங்கே விட்டீர்கள், இங்கே ஏன் ஊதினீர்கள்?

"அது ஃபவுலா சார்?" என்று ஆட்டக்காரர் கேட்டால் நடுவர் பதில் சொல்லிவிடலாம். "அங்க விட்டீங்களே, இங்க மட்டும் ஏன் ஊதுறீங்க?" என்று கேட்டால்தான் சங்கடம். முதல் கேள்வி ஒரு முடிவைப் பற்றியது. இரண்டாவது நடுவராகிய என் நேர்மையைப் பற்றியது. கால்பந்து ரசிகர்களின் கோபம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு வீடு காட்டூரில். பொன்மலை, திருவெறும்பூர், அண்ணா விளையாட்டரங்கம், கல்லூரி மைதானங்கள் என்று கூப்பிட்ட இடத்துக்கு விசிலும் இரண்டு கொடிகளுமாகப் போகிறவன். இந்தப் பக்கத்துப் பையன்கள் ராத்திரி கைபேசியில் பிரிமியர் லீக் பார்க்கிறார்கள், சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்கிறார்கள். காலையில் மைதானத்துக்கு வரும்போது அந்த ஆட்டத்துக் கோபமும் கூடவே வருகிறது. வி.ஏ.ஆர். என்கிற காணொளி மறுஆய்வு அவர்கள் வாயில் சரளமாகப் புழங்குகிறது. ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கியதும் ஒருவன் கையால் காற்றில் சதுரம் வரைந்து காட்டுவான். அவன் கேட்பதில் தப்பே இல்லை. தன் அணிக்கு நடந்த அநியாயத்தைக் கண்ணால் பார்த்தவன் அவன்.

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்ததை அவர்கள் யாரும் மறக்கவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாருக்கு எதிராக இந்தியா சாங்தேயின் கோலால் 1-0 என்று முன்னணியில் இருந்தது. அப்படியே முடிந்தால் மூன்றாம் சுற்று. 73-வது நிமிடத்தில் கத்தாரின் தலைமுட்டலை நம் கோல்காப்பாளர் குர்பிரீத் தடுத்தார். பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. நம் ஆட்டக்காரர்கள் கார்னர் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். கத்தார் வீரர் ஒருவர் காலால் பந்தை உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். கடைசியில் 2-1 என்று தோற்றோம், வெளியேறினோம். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு புகார் செய்தது. முடிவு மாறவில்லை.

அந்தக் காட்சியை எத்தனையோ தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பந்து வெளியே போனதாக அறிவிக்க, முழுப் பந்தும் கோட்டைக் கடந்திருக்க வேண்டும். பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். அதைச் சரியாகச் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான்: கோட்டுக்கு நேர் நீட்சி. ஓரடி முன்னால் நின்றாலும் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே தெரியும் புல் கண்ணுக்கு மறைந்துவிடும். துணை நடுவரின் வேலையோ பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்பது. பந்து அவரைத் தாண்டிக் கோலை நோக்கிப் போனால் பந்தோடு துணை நடுவரும் ஓடிக் கோட்டுக்கு வர வேண்டும். நடுவருக்கு முன்னால் ஆட்கள் திரண்டு நிற்பார்கள், கோல்காப்பாளர் தரையில் விழுந்து கிடப்பார். இதையெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: இருந்தும் அந்த முடிவு மன்னிக்க முடியாதது. நம் பையன்கள் நின்றுவிட்டார்கள் என்பதே ஒரு சாட்சி. அத்தனை பேர் ஒரே நொடியில் ஆட்டத்தை நிறுத்தினால் ஏதோ நடந்திருக்கிறது என்று நடுவரின் உடம்பு உணர வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை முடிவை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. கோலுக்குப் பிறகு அந்த அவகாசம் இருந்தது. கொடி பிடித்தவரை அழைத்து நிதானமாகப் பேச இரண்டு நிமிடம் எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு வி.ஏ.ஆர். மருந்தா? தோஹாவுக்கு மருந்துதான், சந்தேகமில்லை. அந்த மாதிரித் தவறுக்காகத்தான் 2018 உலகக் கோப்பையில் அதைக் கொண்டுவந்தார்கள். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது என்று நான்கு விஷயங்களில் மட்டும், தெளிவான, வெளிப்படையான தவறு இருந்தால் மட்டும் தலையிடலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. பந்து வெளியே போனதா, கோல் விழுந்ததா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே பதில். கேமரா அதைச் சொல்லிவிடும். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. இன்று அதைப் பற்றிச் சண்டை போடுவார் யாருமில்லை.

சண்டை வருவது வேறு இடத்தில். ஒரு மோதலை எடுத்துக்கொள்வோம். கவனக்குறைவாக மோதினால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள். மிதமிஞ்சிய வலுவோடு, ஆபத்து விளைவிக்கும்படி மோதினால் சிவப்பு. புத்தகத்தில் மூன்று படிகள். மைதானத்தில் இவற்றுக்கு நடுவே கோடு போட்டு வைத்திருக்கவில்லை. கை பட்டதும் அப்படித்தான். கை உடம்பை இயல்புக்கு மாறாக அகலப்படுத்தியதா என்று கேட்கிறது விதி. ஓடுகிறவனுக்கு, குதிக்கிறவனுக்கு, விழுகிறவனுக்கு எது இயல்பு என்பதை நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதைக் கேமராவில் மெதுவாக ஓட்டினால் இன்னும் குழப்பம். நிறுத்திய படத்தில் எல்லா மோதலும் கொடூரமாகத் தெரியும், எல்லாக் கையும் வேண்டுமென்றே நீட்டியதாகத் தெரியும்.

ஆஃப்சைடு கணக்குதானே, அதிலாவது கேமரா பிசகாது என்பார்கள். சாதாரண ஒளிபரப்பில் ஒரு நொடிக்கு 50 படங்கள். நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். எதிரே தடுப்பாட்டக்காரன் மேலே ஏறி வந்தால் இடைவெளி இரட்டிப்பு. பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் எந்தப் படம் என்பதை ஓர் ஆள்தான் தேர்ந்தெடுக்கிறார். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரியை வைத்ததே இதனால்தான். அந்த வசதி இல்லாத லீக்குகளில் மூக்கு நுனிக்கும் தோள் முனைக்கும் கோடு போட்டு கோலை அழிக்கும்போது ரசிகருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேமரா சரியாகச் சொன்னாலும் மனிதர் வாய் பிசகினால் எல்லாம் போயிற்று. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி. வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஆஃப்சைடு இல்லை என்று தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று தவறாக எண்ணிக்கொண்டு, சோதனை முடிந்தது என்று மட்டும் சொன்னார்கள். நடுவர் ஆஃப்சைடுக்கான ஃப்ரீ கிக்கோடு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் தவறு தெரிந்தபோது திரும்ப வழியில்லை. உங்கள் முடிவு என்ன, நாங்கள் பார்த்தது என்ன என்று இரண்டு வாக்கியம் முழுதாகப் பேசியிருந்தால் அந்தக் கோல் நின்றிருக்கும். எங்கள் மாவட்ட ஆட்டங்களில் காதில் கருவி கிடையாது. அதனால் ஆட்டத்துக்கு முன்பே மூன்று பேரும் மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பேசிவிடுவோம். பெனால்டி என்றால் துணை நடுவர் எங்கே நகர்வார், பந்து உள்ளே போய் வெளியே வந்தால் எந்தச் சைகை, சந்தேகம் என்றால் எப்படிக் கண்ணைப் பார்ப்பது என்று. அந்தப் பேச்சைத் தவிர்க்கிற கூட்டாளியோடு விசில் எடுக்கவே எனக்குப் பிடிக்காது.

நம் நாட்டிலும் ஒரு ராத்திரி உண்டு. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா அரங்கம், ஐ.எஸ்.எல். வெளியேற்றுச் சுற்று. கூடுதல் நேரத்தின் 96-வது நிமிடம். கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு அணியின் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தைவிட்டே அழைத்துப் போனார். பின்னால் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. வெளிநடப்பு சரியல்ல, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பிரச்சினை என்ன? விரைவு ஃப்ரீ கிக் விதியில் உண்டு. விசிலுக்குக் காத்திரு என்று நடுவர் காட்டியிருந்தால் மட்டுமே உதைக்கக் கூடாது. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் தான் சொன்னதாகச் சேத்ரி ஆட்டத்துக்குப் பின் கூறினார். கொச்சியில் உட்கார்ந்து பார்த்த ரசிகருக்கு ஆட்டக்காரரின் வார்த்தை கிடைத்தது, பயிற்சியாளரின் கோபம் கிடைத்தது. நடுவரின் விளக்கம் மட்டும் அன்றிரவு கிடைக்கவில்லை.

அதைத்தான் நான் பொறுக்க மாட்டேன் என்கிறேன். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மறுஆய்வு முடிவை நடுவரே ஒலிவாங்கியில் அரங்கத்துக்குச் சொன்னார். அதனால் எந்த நடுவரின் மதிப்பும் குறையவில்லை. நார்வேயில் 2024 ஜூலையில் ரசிகர்கள் வி.ஏ.ஆருக்கு எதிராக மீன் கேக்குகளை மைதானத்தில் வீசி ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். ஸ்வீடன் கிளப்புகள் வி.ஏ.ஆரை வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. மைதானத்தில் காசு கொடுத்து நிற்கிறவருக்கு, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நடுவர் என்ன பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. இந்த அவமரியாதை தவறான முடிவைவிட ஆழமாகக் குத்துகிறது.

பொன்மலையில் ஓர் ஆட்டம். காய்ந்த தரை, புழுதி. முதல் பத்து நிமிடத்துக்குள் நடுக்களத்தில் ஒருவன் சறுக்கி வந்து பந்தைத் தட்டினான். காலும் பட்டது. முதலில் வந்த சத்தம் தோல் பந்தின் சத்தம். எலும்பின் சத்தம் அப்புறம்தான். விட்டேன். விட்டதோடு நிற்காமல் ஓடிக்கொண்டே, "பந்து மொதல்ல தம்பி, ஆடு" என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னேன். இரண்டாம் பாதியில் அதே மாதிரிச் சறுக்கல், பெட்டிக்கு வெளியே. இந்தமுறை கால்தான் முதலில். ஊதினேன். தலைவன் ஓடி வந்தான். "சார், அப்ப விட்டீங்க!" "அப்ப பந்து மொதல்ல, இப்ப காலு மொதல்ல. அதத்தான் அப்பவே சொன்னேன்." அவன் ஒப்புக்கொள்ளவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போனான். ஆனால் அடுத்த அரைமணி நேரம் இரண்டு அணியிலும் ஒருவரும் பின்னாலிருந்து சறுக்கவில்லை. என் அளவுகோல் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஓர் ஆட்டத்தின் அளவுகோல் முதல் பத்து நிமிடத்தில் கேட்கும்படி சொல்லப்பட வேண்டும். எண்பதாவது நிமிடத்தில் புதிதாக ஒன்றை எடுத்தால் அதற்குக் கோபப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஒரு நடுவருக்குள் இது நடக்கும். இருபது நடுவர்களுக்குள் எப்படி? சனிக்கிழமை ஒருவர் மஞ்சள் காட்டியதற்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் கையை அசைத்துவிட்டுப் போனால் ரசிகர் கேட்கத்தானே செய்வார்? இங்கேதான் காணொளி எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே வேண்டும். முடிவை மாற்றுவதற்கு இல்லை, ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து பார்ப்பதற்கு. நடுக்கோட்டில், கொஞ்சம் உயரத்தில் ஒரு கைபேசியை முக்காலியில் நிறுத்தினால் போதும். மோதல்களை மட்டும் வெட்டி எடுத்து, பெயர் சொல்லாமல், நடுவர்கள் எல்லோரும் தனித்தனியாகத் தாளில் முடிவு எழுதட்டும். ஃபவுலா, அட்டையா, என்ன நிறம், ஏன். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் நாம் எங்கே பிரிகிறோம் என்பது தெரியும். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் சென்னைக்காரர். ஃபிஃபா நடுவரான ரூபா தேவி திண்டுக்கல்காரர். நம் மண்ணிலிருந்து அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டாம். அவர்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாத அளவுகோலை நாங்கள்தான் பழக்க வேண்டும்.

சீசன் தொடங்குவதற்கு முன் இங்கே இந்தக் காணொளிப் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் அதற்குக் கூப்பிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சிலருக்கு அதில் தயக்கம். நம் கருத்து வேறுபாடுகளை அவர்கள் முன்னால் காட்டுவதா என்கிறார்கள். வேறுபாடு இருப்பதை அவர்கள் ஏற்கெனவே ஒவ்வொரு வாரமும் மைதானத்தில் பார்க்கிறார்கள். அதைக் குறைக்க நாங்கள் உட்கார்ந்து படிப்பதையும் பார்க்கட்டும்.