புதுப்பேட்டையில் ஒரு 'டிக்' சத்தம்!

பாஸ், உங்க வீட்ல பழைய கார் இருக்கா? காலைல சாவியைத் திருகினா 'டிக்'னு ஒரே ஒரு சத்தம், அப்புறம் மயான அமைதியா? அப்படின்னா நீங்க ஒரு தடவையாவது புதுப்பேட்டை வந்தே ஆகணும். வரும்போது பர்ஸைப் பத்திரமா உள் பாக்கெட்ல வெச்சுக்குங்க. பிக்பாக்கெட் பயத்துல சொல்லலை. உள்ளே நுழைஞ்சா எல்லாத்தையும் வாங்கத் தோணும்!

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல, கூவம் ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கற ஏரியா இது. 2006-ல வந்த செல்வராகவன் படத்தை மனசுல வெச்சுக்கிட்டு, யாராவது அரிவாளைத் தூக்கிட்டு ஓடி வருவாங்கன்னு எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. இங்கே எல்லார் கையிலயும் ஸ்பேனர்தான். ஆதித்தனார் சாலையிலேர்ந்து சந்துக்குள்ள திரும்பினா, துணிக்கடையில சேலை தொங்கற மாதிரி கார் கதவுகள் தொங்குது. ஒரு கடையில ஸ்டீயரிங் மட்டும். அடுத்த கடையில ஹெட்லைட் மட்டும், நூறு ஜோடிக் கண்ணு நம்மளையே முறைக்குது. ரேடியேட்டரை அட்டிகை மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு ஒருத்தர் ஜாலியா கிராஸ் பண்றார். கிரீஸ், சூடான இரும்பு, இஞ்சி டீ, கூவம்... எல்லாம் கலந்த ஒரு வாசனை. பத்து நிமிஷத்துல பழகிடும். (கூவம் மட்டும் பழகாது!)

நான் போனது என் கிளாஸ்மேட்டோட மாமாவுக்காக. ரிட்டயர்டு பிரஸ்காரர். கல்யாணப் பத்திரிகை அடிக்கற சின்ன அச்சகம் வெச்சிருந்தவர். அவர்கிட்ட இருக்கறது 1986 மாடல் அம்பாஸடர், மார்க் 4. தனியார் காருக்கு முதல்ல 15 வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கூட்டிப் பாருங்க, 2026-ல டர்ன் வந்துடுச்சு. இதுக்கான ஃபீஸ் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயிலேர்ந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வயசைத் தாண்டின கார்களுக்கு 10,000! பணத்தைக் கட்டிடலாம். ஆனா வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டு போய்க் காட்டணுமே... இவர் வண்டிதான் ஸ்டார்ட்டே ஆகலையே!

"எடைக்குப் போட்டுடுங்க சார்"னு ஒரு பழைய இரும்பு வியாபாரி வீட்டுக்கே வந்து ரேட் பேசிட்டுப் போயிருக்கார். மாமா பதில் சொல்லலை. அத்தைக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனது. இப்போ வர்ற கார்கள்ல குனிஞ்சு, மடங்கி, உள்ளே நுழையறதுக்குள்ள அழுதுடுவாங்க. அம்பாஸடரோட உசரமான பின் சீட்ல, திண்ணையில உக்காரற மாதிரி உக்காந்துடுவாங்க. மாமாவுக்கு அது போதும். உத்தரபாராவுல 2014-லயே அம்பாஸடர் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இனிமே புதுசா ஒண்ணு கிடையாது.

வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு மெக்கானிக், 'டிக்' சத்தத்தைக் கேட்ட உடனேயே "செல்ஃப் மோட்டார் அவுட்"னு தீர்ப்பு சொல்லிட்டார். அந்த செல்ஃபை வாங்கத்தான் புதுப்பேட்டைப் பயணம். வண்டி எப்படி வந்துச்சுன்னு கேட்கறீங்களா? தள்ளினா ஸ்டார்ட் ஆகுது! ரெண்டாவது கியர்ல போட்டு நாலு பேர் தள்ளினோம், சமத்தா உறுமிச்சு. இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் கடையிலயே ரீகண்டிஷன் பண்ண செல்ஃப் மோட்டார் ரெடி. பளபளனு சில்வர் பெயின்ட். 3,500 சொல்லி, மூவாயிரத்துக்கு இறங்கி வந்தாங்க. மாமா பர்ஸைத் திறக்கறதுக்கும், எதிர்த்த தகரக் கொட்டகையிலேர்ந்து ஒரு குரல் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. "சார், அதை வாங்கறது இருக்கட்டும். வண்டியில என்னா கோளாறுனு பார்த்தீங்களா?"

ஸ்டூல், பிளையர், கருகின ஒரு டெஸ்ட் லேம்ப்... அவ்வளவுதான் அந்த பாயோட மொத்தக் கடையும். ஆட்டோ எலக்ட்ரீஷியன். அறுபது வயசுக்கு மேல இருக்கும். டெஸ்ட் லேம்ப்னா பெரிய மேட்டர் இல்லை. இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, ரெண்டு ஒயர், ஒரு நுனியில ஊசி, இன்னொரு நுனியில கிளிப்.

"பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது பாய், ஃபுல் சார்ஜ்"னு நான் மல்டிமீட்டரை நீட்டினேன். பாய் சிரிச்சார். "சும்மா இருக்கறப்ப எல்லாரும் பயில்வான்தான் தம்பி. பாரம் தூக்கறப்ப பாரு!"

முதல்ல கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என் மோதிரத்தையும் கழட்டச் சொன்னார். பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் பாலம் போட்டா விரல் வெந்துடும். அப்புறம் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிட்டு, செல்ஃபை அழுத்தச் சொன்னார். வெளிச்சம் சுத்தமா செத்துப் போனா பேட்டரி வீக்காவோ மோட்டார் சிக்கியோ இருக்கலாம். எங்களுக்குக் கொஞ்சம்தான் மங்கிச்சு. அதாவது பேட்டரி கொடுக்கத் தயாரா இருக்கு, வழியில யாரோ மறிக்கறாங்க!

அடுத்தது க்ளைமாக்ஸ். மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகடிவ்ல வெச்சார். இன்னொரு முனையை என்ஜின் மேல, பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுல வெச்சார். "இப்ப அடி!" மாமா சாவியைத் திருகினார். 'டிக்'. மீட்டர்ல 6.2 வோல்ட்! ரெண்டுமே எர்த், ரெண்டுக்கும் நடுவுல அரை வோல்ட்கூட காட்டக் கூடாது. 12 வோல்ட்டுல பாதி, மோட்டாருக்குப் போகாம நடு ரோட்டுல காணாமப் போகுது. சர்க்யூட் தியரி பேப்பரை நினைச்சுப் பாருங்க. 100 ஆம்பியர் ஓடற பாதையில 0.06 ஓம் இருந்தா 6 வோல்ட் அம்பேல். அந்த 0.06 ஓமை சாதாரண மல்டிமீட்டர்ல நேரா அளந்தா கிட்டத்தட்ட ஜீரோனுதான் காட்டும். ஓமை அளக்கறதை விட்டுட்டு, கரன்ட் ஓடும்போது வோல்ட் எங்கே தொலையுதுன்னு துரத்தணும்.

"சோக் ஒயரைத் தொடு தம்பி"ன்னார். டாஷ்போர்டுலேர்ந்து கார்புரேட்டருக்குப் போற சோக் கேபிள். தொட்டா... சூடு! எதுக்குன்னு புரியுதா? என்ஜின் ரப்பர் மவுன்ட்டிங் மேல உக்காந்திருக்கு. அதனால அதை பாடியோட இணைக்கத் தனியா ஒரு செப்புப் பின்னல் பட்டை இருக்கும், எர்த் ஸ்ட்ராப். அது போயிடுச்சுன்னா கரன்ட் சும்மா இருக்குமா? சந்து பொந்து தேடி, பாவம் அந்த ஒல்லியான சோக் கேபிள் வழியா திரும்பப் பார்க்குது. செல்ஃப் கேட்கற ஆம்பியரை அது தாங்குமா? இக்னிஷன் காயிலுக்கு நாலஞ்சு ஆம்பியர் போதும். அதான் தள்ளினா ஸ்டார்ட் ஆச்சு!

பாய் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகடிவையும் என்ஜினையும் நேரா இணைச்சார். சாவி திரும்பிச்சு. டுர்ர்ர்... ஒரே அடி! டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். மாமா கீழே இறங்கவே இல்லை. ஸ்டீயரிங் மேல கையை வெச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தார்.

அடியில படுத்து அந்த ஸ்ட்ராப்பைக் கழட்டிக் காட்டினப்போ, பாதிப் பின்னல் பச்சைப் பச்சையா பொடியா உதிர்ந்துச்சு. நாலு கடை தள்ளி அதே நீளத்துல ஒண்ணு கிடைச்சுது, 150 ரூபாய். பாடியில அது உக்காரற இடத்தை உப்புத்தாளால பளிச்சுனு தேய்ச்சு, முறுக்கி, மேல லேசா கிரீஸ். முடிஞ்சது. செல்ஃப் விற்க இருந்த கடைக்காரர் கோபப்படுவார்னு பார்த்தா, அவரே வந்து பானெட்டை மூடி விட்டார்!

டீ சாப்பிடும்போது பாய்கிட்ட இன்னும் கொஞ்சம் கறந்தேன். உங்களுக்கும் ஆகும். செல்ஃப் நல்லா சுத்தி, என்ஜின் மட்டும் பிடிக்கலைன்னா அது வேற டிபார்ட்மென்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிப் பாருங்க. மழைக்காலத்துல உள்ளே ஈரம் கோத்திருக்கும், காஞ்ச துணியால துடைச்சாலே பாதி வண்டி கிளம்பிடும். அடுத்து சி.பி. பாயின்ட் கருகியிருக்கான்னு பார்க்கணும். ஒயர் கலர் விஷயத்துல, பிரிட்டிஷ் வழி வந்த கார்கள்ல பிரவுன்னா பேட்டரியிலேர்ந்து நேரா வர்ற லைன், வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த். "அதெல்லாம் ஷோரூம்ல இருந்தப்போ"ன்னார் பாய். மாமா வண்டியில ஒரு வெள்ளை ஒயர் நடுவுல பச்சையா மாறி, கடைசியில மஞ்சளா முடிஞ்சுது. அதுக்கு டெஸ்ட் லேம்ப்தான் கதி. 1960-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டின்னா இன்னொரு கண்டம்: நிறைய மாடல்கள்ல பாசிட்டிவ்தான் எர்த்! பார்க்காம பேட்டரியை மாட்டினா புகைதான்.

புதுப்பேட்டை வர்றவங்களுக்கு: சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்துடலாம். வெள்ளைச் சட்டை வேணாம். பழைய பார்ட்டைக் கழட்டிக் கையோட கொண்டு வாங்க, வாயால வர்ணிச்சா வேற எதையோ தருவாங்க. பில் கேட்டு வாங்குங்க. பாக்கெட்ல ஒரு டெஸ்ட் லேம்ப். மாமாவை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அனுப்பறதுக்குள்ள ஹாரன் வேற மக்கர் பண்ணுது, அதுக்கு அடுத்த வாரம் மறுபடி வர்றோம். அப்படியே ஒரு வீல் கப்பும் தேடணும். மார்க் 4-க்கு மூணு இருக்கு, நாலாவது எங்கேயாவது கண்ல பட்டா சொல்லுங்க பாஸ்!