ஒரு சிட்டிகை இரை

தென்காசியில் சாரல் தொடங்கிய ஓர் ஆனி மாதத்தில், எங்கள் மகளின் பிறந்தநாளுக்காக மீன்தொட்டி ஒன்று வீட்டிற்கு வந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 54 லிட்டர் நீர் கொள்ளும். நீண்ட வால் விரித்து ஆடும் கப்பி மீன்கள் பன்னிரண்டை அதில் விட்டோம். நீரை வடிகட்டும் சிறு மோட்டாரையும் பொருத்தினோம்.

அருவிக்கரையில் வாழ்பவர்களல்லவா? நீர் எவ்வளவு விரைந்து ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்றெண்ணி, மோட்டாரை முழு வேகத்தில் திருப்பிவிட்டோம். மறுநாள் காலையில் மீன்களெல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன.

அந்த ஞாயிறன்று ஐந்தருவிக்குச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. பாய்கின்ற நீரிலே, வாயின் அடிப்புறத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசி மேயும் மீன்கள் இருந்தன. துள்ளித் திரியும் சிறு கெண்டைகளோ நீர் அடங்கிய கசத்தில் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய நீர் உண்டு. எங்கள் கப்பிகளோ, அழகுக்காக மனிதர் வால் நீளச் செய்து வளர்த்தெடுத்த இனம். அந்த வாலே அவற்றிற்குச் சுமை. ஓட்டத்தை எதிர்த்து நாள் முழுவதும் நீந்த அவற்றால் இயலாது.

ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் நான்கைந்து முறை வடிகட்டியின் வழியே சென்று திரும்பினால் போதும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் தொட்டிக்கு அது ஏறக்குறைய 216 முதல் 270 லிட்டர். வேகத்தைக் குறைத்து, நீர் வெளிவரும் வாயைக் கண்ணாடிச் சுவரை நோக்கித் திருப்பினோம். சுவரில் மோதி வேகம் தணிந்தது. மேற்பரப்பு மட்டும் மெல்லச் சலசலத்தது. நீர் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பெற அந்தச் சலசலப்பே போதும். மாலைக்குள் மீன்கள் தொட்டியெங்கும் உலாவின.

ஆனால் பெரிய துன்பம் இனிமேல்தான் இருந்தது. எங்கள் தந்தையாருக்கு அப்போது வயது எழுபத்தொன்பது. நினைவு சிறிது சிறிதாக நழுவிக்கொண்டிருந்தது. அவர் தொட்டியருகே செல்லும்போதெல்லாம் மீன்கள் கண்ணாடியருகே ஓடிவரும். "வாயைத் திறந்து கேட்கிறதே, எப்படிக் கொடுக்காமல் இருப்பது?" என்று இரை போடுவார். போட்டதை மறந்து மீண்டும் போடுவார். மீன் ஓடி வருவது பழக்கத்தால், பசியால் மட்டுமன்று. உண்ணாத இரை அடியில் அழுக, நீர் கலங்கிற்று.

கலங்கலைக் கண்ட நாங்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாய் நீரில் வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிந்தோம். மூன்றாம் நாள் ஆறு மீன்கள் மிதந்தன. மகள் அழுதாள். நாங்களோ தந்தையாரைக் கடிந்துகொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாட்கள் அந்த அறைப் பக்கமே அவர் வரவில்லை.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது எங்கள் குற்றம் தெரிந்தது. மீனின் கழிவிலும் அழுகும் இரையிலும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. ஸ்பாஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பிறகு பெருந்தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவியதால் அவற்றை நாங்களே கொன்றிருந்தோம். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலே மெல்ல அலசியிருக்க வேண்டும். தந்தையார் மிகுதியாகக் கொடுத்தது உண்மை. அதனைத் தாங்கக்கூடிய துணையை அழித்தது எங்கள் கை.

அவரிடம் சென்று, "எங்கள் தவறும் இதில் உண்டு, அப்பா" என்றோம். "மீன் செத்ததா?" என்று கேட்டார். அவர் அதையும் மறந்திருந்தார். எங்கள் கடுஞ்சொல் மட்டும் அவர் முகத்தில் தங்கியிருந்தது.

அவர் கையிலிருந்து அந்த வேலையைப் பறிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய மாத்திரைப் பெட்டியைப் போலவே ஏழு அறைகள் கொண்ட வேறொரு பெட்டியை வாங்கி, அதன்மேல் மீன் படமொன்றை ஒட்டினோம். ஒவ்வோர் அறையிலும் ஒரு சிட்டிகை இரை. இரண்டு நிமிடங்களில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவு. காலையில் அன்றைய அறையை மகள் காட்டுவாள், தாத்தா போடுவார். மீண்டும் நினைவு வந்து பெட்டியைத் திறந்தால் அறை வெறுமையாக இருக்கும். "கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது" என்று புன்னகையோடு மூடிவிடுவார். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றுகிறோம். புது நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுகிறோம்.

எஞ்சிய ஆறு மீன்களும் பிழைத்துக் குஞ்சுகள் ஈன்றன. அன்பும் இரையைப் போன்றதே எனத் தோன்றுகிறது; அளவறிந்து இட வேண்டும். ஆனால் இடுகின்ற கையைத் தட்டிவிடுதல் ஆகாது.