புல்லும் பயிர்தான்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குச் செல்லும் பிரயாணிக்கு வலது கைப்பக்கம் கடல். இடது கைப்பக்கம் தொழிற்சாலைகள். கடலுக்கும் சாலைக்கும் நடுவே மணல் இருக்கவேண்டிய இடத்தில் கருங்கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் பழையது. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து கடலோட்டம் வாரிக்கொண்டு வரும் மணல் அந்தச் சுவருக்குத் தெற்கேயே தங்கிவிட்டது. மெரீனா அகன்றது, இராயபுரம் கரைந்தது.

மணல் போனால் மணலை நம்பிய செடிகளும் போகத்தானே வேண்டும்? அடும்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் முரட்டுப் புல்லும் கடற்கரைக்குக் கடவுள் விரித்த பாய். மணல் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பவை அவைதாம். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போது அடும்பின் பூவை மறக்கவில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் உவர் நிலத்திலோ உமரியும் அலையாத்தியும் வளரும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் இந்தக் கழியில் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது.

இத்தகைய நிலங்களுக்குச் சர்க்கார் கணக்கில் ஒரு பெயர் உண்டு: புறம்போக்கு. மேய்ச்சல் தரை, குளம், வாய்க்கால், சுடுகாடு என்று ஊருக்குப் பொதுவாக, வரிக்குப் புறம்பாக விட்ட நிலம் என்பதே அதன் பொருள். நாளடைவில் அது வசைச்சொல்லாகிவிட்டது. 2017இல் சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியில் நின்று பாடிய பாட்டு இந்தச் சொல்லைப் பற்றியதுதான். பயிர் இல்லாத நிலம் வெறும் நிலம் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. புல்லும் ஒரு பயிர் என்பதையும், அதற்கும் அறுவடையும் முறையும் உண்டு என்பதையும் நாம் மறந்தோம்.

இதை மறந்தவர்கள் நாம் மட்டுமல்ல. இங்கிலாந்துக் குடியானவர்கள் பூப்பூக்கும் புல்வெளிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தார்கள். நின்றபடியே இரு கைகளாலும் வீசி அறுக்கும் நீண்ட பிடியுள்ள அரிவாள் அவர்களுடையது. செடிகள் பூத்து விதை உதிர்க்கும்வரை காத்திருந்து, கோடையில்தான் அதைக் கையில் எடுப்பார்கள். அறுத்த புல்லை நிலத்திலேயே மக்கவிடாமல், உலர்த்தி மாட்டுக்குக் கொண்டுபோவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிலத்தில் உரம் ஏறினால் முரட்டுப் புல் ஓங்கி வளர்ந்து சிறு பூண்டுகளை அமுக்கிவிடும். நிலம் மெலிந்திருந்தால்தான் பல செடிகள் கூடி வாழும். பூவை நாடி வண்டும், வண்டை நாடிப் பறவையும் வரும். பிற்காலத்தில் விளைச்சலைப் பெருக்கவேண்டும் என்று உரமிட்டார்கள், உழுதார்கள். 1930களுக்குப் பின் அரை நூற்றாண்டுக்குள் அத்தகைய புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்தன.

நம் நாட்டில் குனிந்து அறுக்கும் சிறிய கையரிவாள்தான் வழக்கம். ஆனால் மாட்டின் வாயைவிடப் பெரிய அரிவாள் நமக்கு ஏது? அந்த அரிவாளை முறையோடு வீசுவது எப்படி என்பதைப் பார்க்க எண்ணூரை விட்டுக் கொங்கு நாட்டுக்கு, காங்கேயம் சீமைக்குப் போகவேண்டும்.

சென்னையில் பெய்யும் மழையில் பாதிகூட அங்கே பெய்வதில்லை. ஆயினும் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் காடுகளைக் குடியானவர்கள் சொந்தத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவையால் உயிர்வேலி. வேலிக்குச் செலவு அதிகமில்லை. கிளுவைக் கொம்பை ஒடித்து நட்டால் வேர்விட்டுத் துளிர்த்துவிடும். படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பன் கூட வேண்டியதில்லை. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் உள்ளே தாமாகவே மேயும்.

ஒரு காட்டில் புல் குறைந்ததும் கால்நடைகளை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மழை பெய்ததும் உடனே மேயவிடமாட்டார்கள்; புல் தழைத்து விதை உதிர அவகாசம் கொடுப்பார்கள். புல்லோடு நரிப்பயறு போன்ற கொடிகளும் கலந்து வளர்ந்து மண்ணுக்குச் சத்தும் மாட்டுக்கு ருசியும் தரும். கோடையில் புல் சருகானாலும் கொழுக்கட்டைப் புல்லின் வேர் சாவதில்லை. அந்த நாட்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டின் வயிற்றை நிரப்பும். வேலிப் புதர்களில் கௌதாரியும் முயலும் குடியிருக்கும். காங்கேயம் காளையின் திமிலையும் மிடுக்கையும் படத்தில் பார்த்து வியக்கும் வாசகர்கள், அந்தக் காளையை வளர்த்தது இந்தப் புல் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இந்தக் காடுகளும் இப்போது சுருங்கி வருகின்றன. உழவுக்கு இயந்திரம் வந்ததும் காளைக்கு வேலை போயிற்று. காளை போனால் புல்லை யார் கேட்கிறார்கள்? ஆழ்துளைக் கிணறு தோண்டித் தென்னை வைக்கிறவர்களும், நிலத்தை மனையாகப் பிரித்து விற்கிறவர்களும் கொறங்காட்டை வெறும் தரிசு என்றே எண்ணுகிறார்கள். எண்ணூரில் ஊர்ப் பொதுவுக்கு நேர்ந்த கதி, காங்கேயத்தில் சொந்த நிலத்துக்கும் நேரும்போல இருக்கிறது. வேலியும் பட்டாவும் மட்டும் ஒரு புல்வெளியைக் காப்பாற்றிவிடா. புல்லுக்கு மதிப்பு இருக்கவேண்டும். எப்போது மேய்ப்பது, எப்போது விடுவது என்று அறிந்த மனிதரும் இருக்கவேண்டும்.

ஒரு நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதப் போகிறவர், பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே என்னென்ன விளைகிறது என்பதை அந்த நிலமே அவருக்குச் சொல்லும்.