சம்பள ரகசியம்

ஆண் பிள்ளையிடம் சம்பளத்தையும் பெண் பிள்ளையிடம் வயதையும் கேட்கக் கூடாது என்று நம்மவர்கள் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். இதை முதன்முதலில் சொன்ன மகானுபாவர் யாராயிருந்தாலும், அவர் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை ரயிலில் ஒரு நாளாவது பிரயாணம் செய்தவர் அல்ல என்பது நிச்சயம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நடுவில் நாலே ஸ்டேஷன்கள். மயிலம் வருவதற்குள் பக்கத்து ஆசாமியின் ஊர், உத்தியோகம், குழந்தைகளின் எண்ணிக்கை, மாமனார் வீடு ஆகிய சகல விவரங்களும் விசாரிக்கப்பட்டு, "பிடித்தமெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும், ஸார்?" என்ற கேள்வியும் தவறாமல் வந்து சேரும்.

பல வருஷங்களாக அந்த வண்டியில் போய் வருகிற உபாத்தியாயன் என்ற முறையில் ஒன்று கவனித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தினுசைக் கொண்டே ஒருவர் யாரிடம் வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிடலாம். சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றால், கேட்டவர் வாய் மூடுமுன் அடிப்படை ஊதியம் இவ்வளவு, அகவிலைப்படி இத்தனை சதவீதம், வீட்டு வாடகைப்படி இவ்வளவு என்று கல்யாணச் சாமான் ஜாபிதா வாசிப்பதுபோல் வாசித்துவிடுவார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல், "ஏதோ வருது, ஸார்" என்பான். ஜவுளிக் கடைச் சிப்பந்தியும் தனியார் பள்ளி ஆசிரியையும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அங்கே கரும்புக் கொல்லையைத் தவிர வேறொன்றும் இராது. ஆயினும் பார்ப்பார்கள்.

அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரரின் வரும்படியில் மட்டும் எவ்வித ரகசியமும் கிடையாது. கரும்பு டன் என்ன விலை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மணிலா மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பது ஊருக்கே தெரியும். அவர் கடனும் ஊருக்கே தெரியும். மறைப்பதற்கு வசதி வேண்டாமா?

சர்க்கார் சிப்பந்திகளின் திறந்த மனத்தை நான் பெரிய குணமாகச் சொல்ல வரவில்லை. எங்கள் சம்பளத்தை நாங்கள் மறைக்கத்தான் முடியாது. 2017-ம் வருஷத்து ஊதிய ஆணைப்படி இடைநிலை ஆசிரியருக்கு ஆரம்பம் 20,600 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய் என்பது மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த சமாசாரம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தபோது, ஒவ்வோர் அலுவலகமும் தன் ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் மாதச் சம்பளத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஆகையால் உள்ளதைச் சொல்வதில் எங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. (எங்களிலும் சிலர் சம்பளத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிம்பளத்தைப்பற்றி மௌன விரதம் காப்பதுண்டு. அந்தக் கணக்கைக் கேட்கும் சட்டம் வேறு.)

ஊதியத்தைப் பகிரங்கமாக எழுதி வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமோ என்று நினைக்க வேண்டாம். எங்கள் விக்கிரவாண்டி வட்டத்திலேயே எண்ணாயிரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே நரசிங்கப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் அங்கே நடந்த கல்லூரி ஒன்றின் வரவு செலவை அது சொல்லுகிறது. கீழ் வகுப்பு மாணாக்கர் 270 பேர், மேல் வகுப்பு மாணாக்கர் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். கீழ் வகுப்புப் பையனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மேல் வகுப்புக்காரனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. ஆசிரியர்களுக்கும் பாடத்துக்குத் தக்கபடி இவ்வளவு நெல் என்று வெட்டியிருக்கிறது. வேத பாடம் சொல்பவருக்கு ஓர் அளவு, சாஸ்திர பாடம் சொல்பவருக்கு வேறோர் அளவு! அந்த ஆசிரியர்கள் மத்தியான வேளையில் ஓர் இடத்தில் கூடி உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனால் ஒருவருக்கு எவ்வளவு என்று மற்றொருவர் ஊகிக்க வேண்டிய அவசியம் இருந்திராது. கோயில் சுவரைப் பார்த்தால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், தெருவில் எத்தனையாவது வீடு, ஒருத்திக்குப் பங்கு ஒன்று, பங்குக்கு வருஷத்தில் நூறு கலம் நெல் என்று சகலமும் கல்லில் இருக்கிறது. கல்லில் வெட்டிய பங்கில் இடையிலே ஒருவன் கைவைப்பது கடினம். அதற்காகவேதான் வெட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. பிறர் சம்பளத்தோடு நம் சம்பளத்தை ஒப்பிடுவது பொறாமைக்கு வித்து என்பார்கள் பெரியோர். ஒப்பிடுவதெல்லாம் பொறாமையாகிவிடாது. 1930 மார்ச்சில், உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் புறப்படுமுன், மகாத்மா காந்தி வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் செய்தது என்ன? சம்பளத்தைத்தான் ஒப்பிட்டார்! வைஸ்ராய்க்கு நாள் ஒன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டணாவுக்கும் கீழே. அதாவது ஐயாயிரம் மடங்குக்கு மேல். இங்கிலாந்துப் பிரதம மந்திரியோ தம் நாட்டுச் சராசரி மனிதனைப்போல் 90 மடங்குதான் வாங்குகிறார் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். தங்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை, ஒருவேளை அவ்வளவும் தர்மத்துக்கே போகலாம் என்று வைஸ்ராயின் மனம் நோகாதபடி சொல்லவும் அவர் தவறவில்லை. ஆனால் தொகையைச் சொல்லாமல் விடவில்லை. மறு வருஷம் கராச்சி காங்கிரஸ், சர்க்கார் ஊழியர் சம்பளம் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானித்தது. 1937-ல் சென்னையில் ராஜாஜி மந்திரி சபை அமைந்தபோது மந்திரிகள் அந்த 500 ரூபாயையே சம்பளமாக எடுத்துக்கொண்டார்கள். தொகை வெளியே தெரிந்திருந்ததனால்தானே அதைக் குறைக்கச் சொல்லவும் முடிந்தது?

இனி என் பள்ளிக்கூடத்துச் சங்கதிக்கு வருகிறேன். எங்கள் நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர்கள் இருவர். ஒருவர் 2008-ல் வேலைக்கு வந்தவர். மற்றவர் 2010-ல் வந்தவர். ஒரே படிப்பு, ஒரே பயிற்சி. ஒருவர் நாலாம் வகுப்புக்கு, மற்றவர் ஐந்தாம் வகுப்புக்கு. மத்தியானம் ஒரே மேஜையில் சோற்று டப்பாவைத் திறப்பார்கள். சம்பளத்தில் மட்டும் இருவருக்கும் நடுவே ஒரு தேதி குறுக்கே நிற்கிறது. 2009 ஜூன் 1-ந் தேதி புதிய ஊதிய விகிதம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய நாள் வரை சேர்ந்தவருக்குப் பழைய 4,500 ரூபாயை 1.86-ஆல் பெருக்கி 8,370 ரூபாய் அடிப்படை ஊதியமாயிற்று. அன்று முதல் சேர்ந்தவருக்கோ 5,200 ரூபாய்தான். வித்தியாசம் 3,170 ரூபாய். இடையில் 750 ரூபாய் தனி ஊதியம் என்று சேர்த்துப் பார்த்தார்கள். 2017-ல் எல்லோருடைய ஊதியத்தையும் 2.57-ஆல் பெருக்கியபோது, தொகையோடு வித்தியாசமும் பெருகிவிட்டது. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பேதத்தை எதிர்த்து 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித் துறை வளாகத்தில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கைக்குழந்தையுடன் வந்திருந்த ஆசிரியைகளையும் மயங்கி விழுந்தவர்களையும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். 2023-ம் ஆண்டுப் பிறப்பன்று முதலமைச்சர் மூவர் குழு ஒன்றை அறிவித்த பிறகே இரண்டாவது உண்ணாவிரதம் நின்றது. எங்கள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் போய்விட்டு வந்தார். அவர் இல்லாத நாட்களில் அவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? அதிகச் சம்பளம் வாங்கும் அந்த நாலாம் வகுப்பு ஆசிரியர்தான். இருவருடைய சம்பளமும் இருவருக்கும் தெரியும். அதனால் அவர்களுக்குள் மனஸ்தாபம் வரவில்லை. தொகை மறைவாயிருந்து, அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ! 3,170 என்ற எண் கையில் இருந்தது. ஆகவே யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதும் தெரிந்திருந்தது.

அந்த எண் கைக்கு எட்டாதவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் லில்லி லெட்பெட்டர் என்ற அம்மாள் டயர்த் தொழிற்சாலை ஒன்றில் 19 வருஷங்கள் வேலை செய்தாள். அங்கே சம்பளத்தைப்பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது கட்டளை. கடைசியில் கையெழுத்தில்லாத சீட்டு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதே வேலை செய்த ஆண்கள் எல்லோரும் தன்னைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் அறிந்தாள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 180 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்கவில்லை என்று 2007-ல் தோற்றுப்போனாள். தெரியாத விஷயத்துக்கு எப்படி 180 நாட்களுக்குள் வழக்குத் தொடுப்பது? 2009-ல் அவள் பெயராலேயே புதுச் சட்டம் செய்தார்கள். அவளுக்கு வர வேண்டிய பாக்கி மட்டும் வரவில்லை.

நம் அரசியல் சாசனத்தின் 39-வது பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று இருக்கிறது. 1976-ல் அதற்கென்றே சட்டமும் வந்தது. பிறகு அது 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்ந்தது. இரண்டு பேருடைய தொகையும் தெரிந்தால்தானே சமமா, இல்லையா என்று பார்க்கலாம்!

அதற்காக எல்லோருடைய வருமானத்தையும் தெருச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நார்வே தேசத்தில் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். எவருடைய வருமானத்தையும் வரியையும் எவரும் பார்க்கலாம். அண்டை வீட்டான் வரும்படியைத் துருவுவதே சிலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டதாம். 2014 முதல், யார் பார்த்தார் என்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரியும்படி செய்தார்கள். உடனே பார்ப்பவர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் ஊரில் அந்த ஏற்பாடு வந்தால் கல்யாணத் தரகர்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு ஜாதகத்தில் இல்லாத யோகமெல்லாம் சம்பளத்தில் சேர்த்துச் சொல்லும் வித்தை அன்றோடு போயிற்று!

வீட்டுக்குள்ளேயே ரகசியம் வைத்திருக்கும் புருஷர்களும் இருக்கிறார்கள். மனைவிக்கு ஒரு தொகை, தாயாருக்கு ஒரு தொகை, சீட்டுக் கம்பெனிக்கு ஒரு தொகை என்று மூன்று கணக்கு. அந்த வீட்டு விவகாரத்தில் நான் தலையிடப் போவதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே வேலை செய்கிறவர்களுக்குள் ரகசியம் இருந்தால், அதன் லாபம் சம்பளம் கொடுப்பவருக்கே என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். கணித பட்டதாரி. தனியார் பள்ளி ஒன்றில் வேலை. தகப்பனார் இல்லை; தாயாரும் தம்பியும் அவள் சம்பளத்தில்தான். வேலையில் சேரும்போதே, "சம்பளத்தைப்பற்றி மற்ற ஆசிரியர்களிடம் பேசக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். நாலு வருஷம் அந்தப் பெண் வாக்குத் தவறவில்லை. சென்ற வருஷம் அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கடனுக்காகப் பாங்கியில் காகிதங்களை நீட்டியபோது, பக்கத்தில் நின்ற இவள் கண்ணில் தொகை பட்டுவிட்டது. அதே கணிதம், அதே வகுப்புகள். அவருக்கு நாலாயிரம் ரூபாய் அதிகம். நிர்வாகத்தில் கேட்டதற்கு, "அவர் குடும்பஸ்தர் அம்மா" என்று பதில் வந்தது. அப்படியானால் இவளுடைய தாயாரும் தம்பியும் என்னவாம்?

இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "பெயரும் பள்ளியும் வேண்டாம், ஸார், மற்றதை எழுதுங்கள்" என்றாள். பிறகு, அந்தப் பள்ளி ஆசிரியைகள் ஐவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் கூடி, ஒரே தாளில் அவரவர் வருஷ அனுபவத்தையும் வாங்கும் தொகையையும் எழுதிக் கையெழுத்திட்டிருப்பதாகச் சொன்னாள். அந்தத் தாளோடு சேர்ந்து போய் நிர்வாகியைப் பார்ப்பதாக உத்தேசம். ஆறாவது ஆசிரியை மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறாளாம். எல்லோரிலும் குறைவாக வாங்குகிறவள் அவளாகத்தான் இருக்கும் என்று மற்ற ஐவருக்கும் ஒரு சந்தேகம்.