பத்து எண்ணும்வரை

ஏறாவூரில் முதலாம் தரத்துக்குக் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன விஷயம்தான் என்னை அங்கே இழுத்துப்போனது. அவருடைய வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு ஐந்து வயதாகியும் கதை வரவில்லை. ஒருவன் பெயர் கேட்டால் முகம் பார்க்காமல் கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறான். இன்னொருத்தி வீட்டில் ஓயாமல் கதைப்பாளாம், வகுப்பில் வாயே திறப்பதில்லை. “உம்மா வாப்பாவக் கேட்டா, பிந்தித்தான் கதை வரும் சேர் எண்டு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க. அவண்ட வாப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சாராம்” என்றார். ஊருக்குள் ஒரு வீட்டு மண்டபத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர் விடுமுறை நாளில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார் என்றும், வந்து பார்த்து எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் சுமார் 14 கிலோமீற்றர் வடக்கே போனால் ஏறாவூர். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் புன்னைக்குடாக் கடல். தறிச் சத்தம் முழுதாக ஓயாத ஊர். அந்த மண்டபத்துக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாயில் உம்மாமார் இருந்தார்கள். அவர்களைவிட மூத்தம்மாமார் அதிகம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன மகள்மாரின் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவர்கள்.

சிகிச்சையாளரை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டார்கள். அவர் முன் உட்கார்ந்திருந்தவனுக்கு மூன்றரை வயது. கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக அடுக்குகிறான். தொலைபேசியில் கேட்ட ஆங்கில எழுத்துப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பிசகாமல் பாடுகிறான். தாகம் எடுத்தால் மட்டும் தண்ணி என்று கேட்கத் தெரியாது, மூத்தம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் குடத்தடிக்குக் கொண்டுபோவான். மிஸ் ஒரு சவர்க்கார நுரைக் குப்பியைத் திறந்து ஊதினார். குமிழிகள் பறந்தன, பையன் துள்ளினான். உடனே மூடியை இறுக்கி மூடி, குப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

பையன் மூடியைத் திருகிப் பார்த்தான், முடியவில்லை. குப்பியை அவர் மடியில் போட்டான். அவர் அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தான். அப்போதும் அவர் அவனுடைய முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, உதடுகளைக் குவித்தபடி இருந்தார். “ஊதுங்க எண்டு சொல்லு மனெ” என்று மூத்தம்மா தொடங்கினார். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பையன் கண்ணை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். உதடுகளைச் சேர்த்து, காற்றோடு “ப்பு” என்றான். சொல் முடியுமுன் குமிழிகள் பறந்தன.

“நான் மனசுக்குள்ள பத்து எண்ணுவேன்” என்று பிறகு சொன்னார். கேள்வி கேட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. பிள்ளை வாயைத் திறக்குமுன் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். பேச்சு பிந்திய பிள்ளைக்குக் கேட்டதை வாங்கிக்கொள்ளவும் வாயை அதற்கேற்ப அசைக்கவும் கூடுதல் நேரம் வேண்டும். அந்த மூத்தம்மாவிடம் அவர் மிகவும் மெதுவாகத்தான் சொன்னார்: “நீங்க அவன் கேக்க முந்தியே எல்லாத்தையும் குடுத்திடுறீங்க மூத்தம்மா. அவனுக்குக் கேக்கத் தேவையே வரல்ல.” மூத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “உம்மா இல்லாத புள்ள, அழவிட மனம் வரல்ல மிஸ்” என்றார். அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தொலைபேசியைக் குறைப்பதுபற்றியும் அவரிடமே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வயது முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை கூடாது, அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் சமைக்கவும் வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்ற நிலையில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் வேறு என்ன செய்வார்? மிஸ் அதற்கும் வழி சொன்னார். பருப்பு பொறுக்கும்போது அவனையும் பக்கத்தில் இருத்தி, கோப்பையை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு சொல் சொல்லுங்கள் என்றார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று நிரப்புகிறார்கள். அதில் புள்ளி போடும் முறையை எனக்கு நீளமாக விளக்கினார், அதை இங்கே விட்டுவிடுகிறேன். படிவத்தின் முதல் கேள்வி மட்டும் எல்லாப் பெற்றாருக்கும் தெரிய வேண்டியது: பிள்ளைக்குக் காது கேட்கிறதா? கதவு அடித்தால் திரும்புகிறான் என்பது அதற்குப் பதிலாகாது. நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளைக்குக் கதவுச் சத்தம் கேட்கும், சொல்லின் மெல்லிய ஓசைகள் கேட்காது. செவிப்புலன் சோதனை செய்யாமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குவதில்லை என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார். நாக்கின் கீழ் நரம்பை வெட்டிவிட்டால் கதை வந்துவிடும் என்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். நாக்கு நன்றாக வெளியே நீண்டு அசையும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் ஆகாது என்று கண்ணாடியில் காட்டிப் புரியவைக்கிறார்.

பேச்சுச் சிகிச்சை என்றால் பேச்சு மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். மூளைவாதம் உள்ள ஒரு சிறுமியை அவளுடைய வாப்பா தோளில் சுமந்து வந்தார். அடிக்கடி சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. மிஸ் அவளுக்குச் சோறு ஊட்டச் சொல்லிப் பார்த்தார். உம்மா வழக்கம்போலப் பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கஞ்சியை ஊற்றினார். இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. “எப்பவும் இப்பிடித்தான் மிஸ்” என்றார். கஞ்சியில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போகிறது, சளிக்காய்ச்சலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று சொல்லி, மிஸ் பிள்ளையை நிமிர்த்தி இருத்தினார். முதுகுக்கு மடித்த துவாய், காலுக்கு ஒரு பலகை. நாடி சற்றுக் கீழே. தண்ணீர்க் கஞ்சியை எடுத்துவிட்டு, குழைத்த சோற்றைச் சின்னக் கரண்டியின் நுனியில் எடுத்து, பக்கவாட்டிலிருந்து அல்ல, நேர் முன்னாலிருந்து, கீழிருந்து கொடுத்தார். பிள்ளை உதட்டை மூடி, விழுங்கி, வாய் காலியான பிறகுதான் அடுத்த வாய். அரைக் கோப்பை சோற்றுக்கு நெடுநேரம் பிடித்தது. ஒரு தடவைகூட இருமல் வரவில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கைச்சாணால் அதன் நீள அகலத்தை அளந்துகொண்டார்.

அவருடைய கருவிகளில் நான் அதிக நேரம் பார்த்தது ஒரு படக் கட்டு. கடையில் விற்கும் படங்களில் அப்பிளும் பனிமனிதனும் கரடியும் இருக்கின்றன. ஏறாவூர்ப் பிள்ளை கரடியை எங்கே கண்டது? இவருடைய கட்டில் தோணி, இறால், நண்டு, முருங்கைக்காய், பிட்டு, சாரன், தொப்பி, ஓட்டோ எல்லாம் உண்டு. பழைய கலண்டர்களில் வெட்டியவை பாதி, தொலைபேசியில் எடுத்து அச்சிட்டவை மீதி. ஓரங்கள் கைபட்டு மழுங்கியிருந்தன. பேசவே முடியாத பிள்ளைகள் படத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கப் பழகுகிறார்கள். படம் காட்டிப் பழகினால் பிறகு வாயைத் திறக்க மாட்டான் என்று பெற்றார் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கேட்டால் கிடைக்கும் என்று கண்டுகொண்ட பிள்ளைக்குச் சொல்லின் தேவையும் புரிகிறது.

மிஸ்ஸின் சொந்த ஊர் படுவான்கரை, வாவியின் மேற்குக் கரை. உயர்தரத்தில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. பட்டியலில் அடுத்து இருந்த பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானம் என்ற பாடநெறி கிடைத்தது. அது என்ன தொழில் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “டொக்டரா, நேர்ஸா?” என்று அம்மம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில்தான் இலங்கையில் இந்தப் படிப்பு வளர்ந்தது. 1997இல் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008இல் நான்கு வருடப் பட்டப்படிப்பானது. அங்கிருந்து வெளிவந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். இவரும் பயிற்சிக் காலம் முழுவதும் சிங்களப் பிள்ளைகளோடுதான் வேலை பழகினார். அதற்காகவே சிங்களம் படித்தார். கிழக்குக்குத் திரும்பியபோது தமிழ்ப் பிள்ளைக்கு எந்த ஒலி எந்த வயதில் வரும், ஏறாவூர் உம்மா வீட்டில் எப்படிக் கதைப்பாள் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தானே குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினார். ஓதப்பள்ளி ஹஸ்ரத்மாரிடம் கேட்டு எழுதிய பக்கங்களும் அதில் இருந்தன. குர்ஆன் ஓதக் கற்பிப்பவர்கள் எந்த எழுத்து தொண்டையில் பிறக்கிறது, எது நாக்கு நுனியில் பிறக்கிறது என்று நுணுக்கமாகக் கவனிப்பவர்கள். ஒரு பிள்ளைக்கு ஒலி பிசகினால் முதலில் கண்டுபிடிப்பதும் அவர்களே. சில பிள்ளைகளை இங்கே அனுப்பிவைத்ததும் அவர்கள்தாம்.

படுவான்கரைத் தமிழ்ப் பெண் ஏறாவூருக்கு வந்து வேலை செய்வது அவருடைய வீட்டில் எளிதாக ஒப்புக்கொள்ளப்பட்ட காரியம் அல்ல. 1990 ஆகஸ்ட்டில் இந்த ஊரில் முஸ்லிம்கள் உறக்கத்தில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோடையில் தமிழ்க் கிராமங்களிலும் ஏராளம் உயிர்கள் போயின. அதன்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து அஞ்சின. 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கி, போரால் ஊமையாகிப்போன தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒரே மரத்தடியில் விளையாடவிட்டார்கள். பிள்ளைகளின் பெயரால் இரு சமூகமும் ஓரிடத்தில் கூடியது இந்த வாவிக்கரைக்குப் புதிதல்ல. மண்டபத்தில் பகல் சோறு வந்தபோது மிஸ்ஸின் கோப்பையில் முதலில் கறி வைத்தது அந்த மூத்தம்மாதான்.

பின்னேரம் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டுக்குப் போனோம். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளை. உம்மா கூலிக்குச் சாரன் நெய்பவர். நூல் முதலாளியுடையது, நெய்த அளவுக்குக் காசு. தறியை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்ய நேரம் இல்லை என்று முன்பு அழுதவராம். மிஸ் பயிற்சியைத் தறிக்கே கொண்டுவந்துவிட்டார். உம்மா கயிற்றை இழுக்க நாடா ஓடுகிறது, பலகை அடிக்கிறது. சில இழைகளுக்கு ஒருமுறை கையை நிறுத்தி, மகளைப் பார்க்கிறார். தறிக்கட்டையில் கைவைத்து நிற்கும் பிள்ளை, “இயு” என்கிறாள். நாடா ஓடுகிறது. நிறம் மாற்றும்போது இரண்டு நூற்கண்டுகளை நீட்டுகிறார். “பச்ச” என்று தெளிவாகச் சொன்னாள். சொன்னபின் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்த உம்மா ஒரு நாளில் எத்தனை முறை அப்படி நிறுத்துகிறார் என்று எண்ணினால், எந்தக் கிளினிக்கும் அவளுக்கு அத்தனை பயிற்சி கொடுத்துவிட முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, மூன்று மாதத்தில் பேசவைப்போம் என்றவர்களுக்குக் காதுத் தோட்டை ஈடுவைத்துக் காசு கட்டியவர் அந்த உம்மா. துளிமருந்துப் போத்தல்கள் தட்டில் இன்னும் இருக்கின்றன. ஓட்டிசத்துக்கும் டவுன் நோய்க்குறிக்கும் குணமாக்கும் மருந்து கிடையாது. உத்தரவாதம் தருபவர் யாராக இருந்தாலும் அவர் பிள்ளையின் பெயரால் பணம் பறிப்பவர். காது சோதிக்காமலே தவணைக்குச் செவிக்கருவி விற்பவர்களும் அந்த வகைதான். இவர்களை நம்பிப் போகும் உம்மாமாரைத் திட்டிப் பயனில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும், மாமாங்கக் கோயிலுக்கு நேர்வதும் அவரவர் நம்பிக்கை. அதில் யாரும் ஈடுவைக்க வேண்டிவரவில்லை. நகரத்துக்கு ஒரு தடவை போய்வர ஒரு நாள் தறிக்கூலி போகிறது, பஸ், ஓட்டோ, சாப்பாட்டுக்கு இன்னொரு நாள் கூலி போகிறது. உதயதேவியில் ஏறிக் கொழும்புக்குப் போனவர்கள் மொழி விளங்காமல் ஒரு தாளோடு திரும்பியிருக்கிறார்கள். சேவை எட்டாத தூரத்தில் இருந்தால் ஏமாற்றுபவன்தான் வாசலுக்கு வருவான். ஆதார வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் தமிழில் வேலை செய்யும் சிகிச்சையாளரை நியமிப்பதும், கிழக்கிலும் வடக்கிலும் தமிழிலேயே இத்தொழிலைப் பயிற்றுவிப்பதும் சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய வேலை. ஒருத்தி தன் விடுமுறை நாளைக் கொடுத்து ஒரு பிரதேசத்தைத் தாங்க முடியாது.

இதை வாசிக்கும் பெற்றாருக்கும் மூத்தம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிந்திக் கதைக்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. அது யார், எட்டாமல் நிற்கப்போவது யார் என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் கைநீட்டிக் காட்டாவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனால், முதலாம் தரம்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளிலேயே மிட்வைஃப் மிஸ்ஸியிடம் போங்கள். முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள்.