நண்பரின் தூக்குச்சட்டி



நம்முடன் பள்ளியில் பயின்ற நண்பர் ஒருவர் சிவகாசிப் பகுதியில் பட்டாசு ஆலையொன்றில் பணிபுரிகிறார். மாற்று மதச் சகோதரர். அவருடைய அண்ணன் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். வார இறுதி வந்தால் தோழர்களுடன் பக்கத்து ஊர்களுக்குச் சென்று, அந்தந்த ஊரின் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் உண்டு படம் அனுப்புவானாம். அதைக் காட்டிய நண்பர், "நம்ம ஊர்ல இல்லாததா ஹஸரத்? நாமளும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார். பள்ளிக் காலத்தில் நம்மை 'டா' போட்டு அழைத்தவர்தாம். நாம் பட்டயம் பெற்று மதரஸாவில் ஆசிரியராக அமர்ந்ததும், மரியாதை கருதி 'ஹஸரத்' என மாற்றிக்கொண்டார்.

மதரஸா விடுமுறையில் வந்த ஒரு சனிக்கிழமை மாலை, மக்ரிப் தொழுகைக்குப் பின் விருதுநகரில் பயணம் தொடங்கிற்று. எண்ணெய் வணிகத்துக்கும் மல்லி, மிளகாய், பருப்பு வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஊர் இது. இவ்வூரின் எண்ணெய் பரோட்டாவைச் சொல்லவே வேண்டாம். நடுவில் குழிந்த கல்லில் எண்ணெய் ஊற்றி, அதில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மென்மை. பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் மெல்ல ஊறும்.

நாம் வாய் திறப்பதற்கு முன்பே நண்பர் கல்லாவில் இருந்தவரிடம், "அண்ணாச்சி, கறி ஹலால்தானே? கூட வந்திருக்கிறவர் ஹஸரத்து" என்று கேட்டார். உறுதியான பதில் வந்த பின்பே இலை போடச் சொன்னார். நமது மார்க்கத்தின் வரம்பை நமக்காக அவர் காத்து நின்றது நெஞ்சைத் தொட்டது. கூடவே ஒரு குற்ற உணர்வும் எழுந்தது. அதன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளாக அவர் இல்லத்தில் நாம் உணவருந்தியதில்லை. அழைத்த போதெல்லாம் நோன்பு என்றோ, வயிறு சரியில்லை என்றோ தட்டிக் கழித்தோம். நோன்பு சில நாள் உண்மை. பல நாள் அது சாக்கு. அதற்குப் 'பேணுதல்' என்று பெயர் சூட்டி நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

மறுநாள் காலை சாத்தூர். பூண்டும் மிளகாயும் மணக்கும் காராச்சேவைச் சூடாக வாங்கிக்கொண்டு சிவகாசிச் சாலையில் திரும்பினோம். ஞாயிறு என்பதால் ஆலைகள் அமைதியாக இருந்தன. வெட்டவெளியில் இடைவெளி விட்டுச் சிறு சிறு அறைகள். ஓரறையில் தீ பற்றினால் அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே அந்த இடைவெளி என்று நண்பர் விளக்கினார். அலுமினியப் பொடி கையில் ஒட்டினால் எளிதில் போகாதாம். வேலை நாள்களில் சோற்றுப் பாத்திரத்தைத் தொடுமுன் மும்முறை சோப்பிட்டுக் கழுவுவாராம். "காலைல சொல்லிட்டுக் கிளம்புறோம். சாயங்காலம் திரும்பினா அன்னைக்குப் பொழுது நல்ல பொழுது" என்றார். இத்தனை அச்சத்துக்கிடையே ஈட்டிய பொருளில் சமைத்த சோற்றைத்தானே இத்தனை காலம் மறுத்தோம் என்ற எண்ணம் சுட்டது.

ளுஹர் நேரத்தில் சாலையோரப் பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தினோம். நண்பர் பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார். "நீங்க தொழுதுட்டு வாங்க ஹஸரத். அதுக்குள்ள நான் இந்த வேப்பமரத்தடியில சாப்பிட்டு முடிச்சிர்றேன். உங்களுக்கு நல்ல கடையாப் பார்ப்போம்" என்றார். நாம் மறுத்துச் சங்கடப்பட வேண்டாம் என்பதற்காகத் தனியே உண்ண முடிவு செய்திருக்கிறார்!

தொழுகையில் நின்றபோது, நாம் மாணவர்களுக்குப் பலமுறை கற்பித்த செய்தி நினைவில் வந்தது. யூதர் ஒருவர் வாற்கோதுமை ரொட்டியும் வாடை மாறிய கொழுப்பும் உண்ண அழைத்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழைப்பை ஏற்றார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அஹ்மத் நூலில் பதிவாகியுள்ளது. அண்ணலாருக்கு இல்லாத தயக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

தொழுது முடித்து விரைந்து வெளியே வந்தோம். அவர் பாதி உண்டிருந்தார். எதிரே அமர்ந்து, "எனக்கும் கொஞ்சம் வையுங்கள்" என்றோம். அவர் கை அப்படியே நின்றது. "தயிர்ச்சோறும் மோர்மிளகாயும்தான். வீட்டுச் சமையல். சாமிக்குப் படைச்சது இல்ல" என்றார் மெல்ல. நாம் கேட்காமலே நமக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "நல்லாச் சாப்பிடுடா" என்றார். நெடுநாளைக்குப் பின் கேட்ட அந்த 'டா' விருந்தினும் இனித்தது.

அஸருக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். பாலும் சர்க்கரையும் அடுப்பில் சுண்டச் சுண்டக் கிளறும் பால்கோவா. பிரான்சில் ரோக்ஃபோர் என்னும் ஊரின் குகைகளில் முதிர்ந்த ஆட்டுப்பால் கட்டிக்கு மட்டுமே அவ்வூர்ப் பெயர் உரியது. அதுபோல் இப்பால்கோவாவும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நண்பர் இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை நம் பிள்ளைகளுக்கெனத் தந்தார். அடுத்த வாரம் குடும்பத்துடன் அவர் இல்லத்துக்கு உணவருந்த வருவதாக நாமே கேட்டு ஒப்புதல் பெற்றோம்.

சகோதரர்களே! இறைச்சியின் அறுப்பு முறையிலும், படைக்கப்பட்ட உணவிலும் மார்க்கம் வகுத்த வரம்பு வரம்புதான். அதில் தளர்வு கூடாது. ஆனால் அவ்வரம்புக்கு வெளியே நாமாக எழுப்பிய சுவருக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டலாகாது. பேணுதல் எது, பெருமை எது எனப் பிரித்தறியும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. அபாயத்தின் நடுவே உழைக்கும் அம்மக்களை நாள்தோறும் நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.