சும்மா விட்ட கட்டம்

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சின்னத் தாய்மார் சங்கத்துக்காக நாங்கள் மூன்று பேர் விபரம் திரட்டப் போனோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். படிவத்தில் 'இறந்த திகதி' என்றும் ஒரு கட்டம் இருந்தது. வேறொரு பழைய படிவத்தை அப்படியே பார்த்து அடித்ததால் வந்த வினை. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு அம்மா எங்கட கையைப் பிடித்துவிட்டார்.

"அதில ஒண்டும் எழுதாதேங்கோ தம்பி. சும்மா விடுங்கோ."

விட்டோம். எல்லாவற்றையும் எக்செலில் அடித்து, சி.எஸ்.வி. கோப்பாக்கி, எஸ்.கியூ.எல். சேர்வருக்குள் ஏற்றினோம். முதலில் எல்லா நிரல்களையும் எழுத்து வகையாகவே எடுத்து, பிறகு திகதியைத் திகதியாக, எண்ணை எண்ணாக மாற்றுவது எங்கட வழக்கம். ஒரு பிழைச்செய்தியும் வரேல்லை. சந்தோசமா அறிக்கையை எடுத்தால், 'இறந்தவர்கள்' பட்டியலில் எல்லாரும் நிக்கினம். எல்லாரும் இறந்தது ஒரே நாளில்: 1900 ஜனவரி 1.

வெற்றுச் சரத்தைத் திகதியாக்கச் சொன்னால் எஸ்.கியூ.எல். சேர்வர் மறுக்காது, அந்த நாளைத் தூக்கித் தரும். முழு எண்ணாக்கச் சொன்னால் 0 தரும். வயது தெரியாத ஆட்கள் 0 வயதுக் குழந்தைகளானதும் அப்படித்தான். ஒராக்கிள் வெற்றுச் சரத்தையே 'நல்' என்றுதான் எடுக்கும். போஸ்ட்கிரெஸ் என்றால் இந்த இடத்தில் பிழை எண்டு கத்தி வேலையை நிப்பாட்டியிருக்கும். கத்துறதுதான் நல்லது எண்டு அண்டைக்கு விளங்கிச்சு.

திருத்தம் ஒரு வரிதான். மாற்றுவதற்கு முன் 'நல்இஃப்' போட்டால் வெற்றுச் சரம் நல் ஆகிவிடும். சண்டை அதுக்குப் பிறகுதான் தொடங்கியது. நாங்கள் கேட்க மறந்த வீட்டுக்கும் நல், "சும்மா விடுங்கோ" என்ற அம்மாவுக்கும் நல். ரெண்டும் ஒண்டா? இரவு பதினொரு மணி மட்டும் இழுபட்டு, கடைசியில் அந்த நிரலையே தூக்கினோம். 'கேட்டோமா', 'என்ன சொன்னார்' என்று இரண்டு புது நிரல் போட்டோம். மறந்த வீடுகளுக்குத் திரும்பவும் போகவேண்டி வந்தது.

முதல் அறிக்கையை நாங்கள் ஒருத்தருக்கும் காட்டேல்லை. புதுசை அச்செடுத்துக்கொண்டு போனபோது, அந்த அம்மா தன்ர மகனின் வரியை வாசிக்கச் சொன்னா. பெயர், வயது, இடம். பிறகு அவ சொன்னதையே அவவுக்கு வாசித்தோம்.

"ஓம்," எண்டா. "அடுத்த வீட்டாற்றையும் ஒருக்கா வாசியுங்கோ."